மஞ்சள் விளக்கின் மூன்று விநாடி

1

நாங்கள் குடியிருக்கும் கனடாவின் இந்தச் சிறிய ஊரில் நவம்பர் மாதத்து ஞாயிறுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பனி இன்னும் விழுந்திருக்காது, ஆனால் வெளியே கால் வைக்க முடியாது. வீட்டுக்குள் துணி துவைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் அப்படி ஒரு பிற்பகலில் என் மகன் இர்ஃபான் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய குறுந்தகட்டைத் தேடி எடுத்து வந்தான். அதன்மேல் என் கையெழுத்தில் ‘பாம்பு’ என்று எழுதியிருந்தது. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன இது என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

பாலிடெக்னிக் படித்த காலத்தில் நானே எழுதிய விளையாட்டு என்றேன். ஒரு பாம்பு திரையில் ஊர்ந்து போய் இரை தின்று நீளும், சுவரில் முட்டினால் செத்துவிடும். பாஸ்கல் என்ற கணினி மொழியில் எழுதியது. நான் எழுதியது என்றதும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்பா செய்த எதையும் அவன் இதுவரை விளையாடியதில்லை. ஓடிப்போய்க் கோடையில் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் போட்டான்.

பாம்பு கண்ணுக்கே தெரியவில்லை. கறுப்புத் திரை ஒருமுறை மின்னியது. ‘ஆட்டம் முடிந்தது’ என்று வந்துவிட்டது.

அதில் வியக்க ஒன்றுமில்லை. பாம்பு மெதுவாக ஊர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒன்றிலிருந்து முப்பதாயிரம் வரை சும்மா எண்ணிக்கொண்டிரு என்று அன்றைய கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்திருந்தேன். அது எண்ணி முடிக்க நேரமானது, அந்த நேரம்தான் பாம்பின் நடை. இன்றைய கம்ப்யூட்டர் அதை இமைப்பதற்குள் எண்ணித் தள்ளிவிடுகிறது. பாம்பு பிறந்த கணத்திலேயே சுவரில் மோதிச் சாகிறது.

இர்ஃபானுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு சாவுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நிறுத்துடா!” என்று கத்திவிட்டேன்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. நான் அவனிடம் அப்படிக் கத்துகிறவன் இல்லை. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். என் மனைவி நூர்ஜஹான் வாசலில் வந்து நின்று, “என்னாங்க, எத்திராஜ் ஞாபகமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “இந்த மாசந்தானே,” என்று சொல்லிவிட்டுத் துண்டை நீட்டினாள்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள், குளிர், சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்று எதுவானாலும் சரி என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டிருந்தார். நான் ஏன் வெளிநாட்டில் இருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் அவற்றில் எதையும் என்னால் எழுத முடியவில்லை.

2

நான் பழவேற்காட்டுக்காரன். வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. அண்ணன்கள் கடையைப் பார்த்துக்கொண்டார்கள், நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துத் தரும் ஒரு கம்பெனியில் வேலை. எனக்கு ஸ்டோர்ஸ் கணக்கும் சம்பளக் கணக்கும்தான் பொறுப்பு. தகட்டை அழுத்தி அடிக்கும் பிரஸ் ஷாப்புக்கும் எனக்கும் நேரடியாகச் சம்பந்தமில்லை. ஆனால் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருவன் இருந்தால் எல்லாக் கம்ப்யூட்டரும் அவன் தலையில்தான் விழும்.

பிரஸ் ஷாப்பில் ஒரு பழைய பிரஸ் மிஷின் இருந்தது. அதை ஓட்டியது 486 என்ற பழைய ரகக் கம்ப்யூட்டர். எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் படிந்து அதன் நிறமே தெரியாது. அதற்கான புரோகிராமைப் பல வருடங்களுக்கு முன் ஓர் இன்ஜினியர் பாஸ்கலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அவர் எழுதிய மூல வரிகளும் இல்லை. ஓடும் புரோகிராம் மட்டும்தான் எங்களிடம் மிச்சம்.

அது செய்த வேலை எளிமையானது. ஆபரேட்டர் தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதிப்பார். மஞ்சள் விளக்கு எரியும். கம்ப்யூட்டர் மூன்று விநாடி காத்திருக்கும். பிறகு சிவப்பு விளக்கு எரியும், மேலேயிருந்து இரும்பு இறங்கும். தகடு சற்றே நழுவும் மிஷின் அது. அதனால் பெடலை மிதித்துவிட்டு, மஞ்சள் எரியும் நேரத்தில் விரலால் தகட்டை உள்ளே தள்ளிச் சரிசெய்து கையை எடுப்பது ஆபரேட்டர்களின் பழக்கம். எத்தனையோ வருடப் பழக்கம். வேறு தடுப்பு எதுவும் அந்த மிஷினில் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் அந்த 486 செத்துப்போனது. புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய புரோகிராமை அதில் போட்டதும் ‘ரன்டைம் எரர் 200’ என்று ஒரு வரி வந்தது, அத்தோடு நின்றுவிட்டது. பாஸ்கல் தெரிந்தவர்களுக்கு அந்நாளில் இந்தத் தொல்லை பழக்கம்தான். காத்திருக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரின் வேகம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் புரோகிராம் தொடங்கும்போதே கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக எண்ணுகிறது என்று அளந்து பார்க்கும். புதுக் கம்ப்யூட்டரின் வேகம், அந்த அளவைக் குறித்துக்கொள்ள ஒதுக்கிய இடத்தில் கொள்ளவில்லை. அதனால் ஆரம்பத்திலேயே விழுந்துவிடும்.

கம்ப்யூட்டர் விற்றவர்கள் சென்னையிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள். பேட்ச் என்று சொல்லும் ஒரு சின்ன ஒட்டு ஒன்றை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து அவர் போட்டார். வேகம் எவ்வளவு வந்தாலும் அந்த இடத்தில் கொள்ளும் அளவுக்கு வெட்டிவிடும் ஒட்டு அது. புரோகிராம் திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

பிரியாணி வருவதற்குள் நான் மஞ்சள் விளக்கைப் பார்த்துவிட்டேன். எரிந்ததும் தெரியவில்லை, அணைந்ததும் தெரியவில்லை. தான் ஓடுவது மெதுவான கம்ப்யூட்டர் என்று புரோகிராம் நம்பிக்கொண்டிருந்தது, அதனால் அது போட்ட எண்ணிக்கை சட்டென்று முடிந்துபோனது. மூன்று விநாடி என்பது அரை விநாடிகூட இல்லை.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ரஃபீக், புதுசு வாங்குனதே ஸ்பீடுக்குத்தானே? ஸ்பீடா ஓடுதுன்னு வந்து கம்ப்ளைன்ட் பண்றியே.”

“சார், இது மிஷின் ஸ்பீடு இல்ல. கை எடுக்கற டைம். அதைத்தான் சாப்டுடுச்சு.”

“பெடலை மிதிக்கறதுக்கு முன்னாடியே கையை எடுக்கச் சொன்னா முடிஞ்சுது.”

சென்னை ரிச்சி தெருவில் பழைய 486 ஒன்று கிடைக்கும், அதை வாங்கிப் போட்டால் பழையபடி ஓடும் என்றேன். செகண்ட் ஹேண்ட் சாமான் வாங்கினால் ஆடிட்டர் கேள்வி கேட்பார் என்றார் அவர். மறுநாள் மிஷின்மேல் ஒரு தாளை ஒட்டினார்கள். ‘கையை எடுத்த பிறகே பெடலை மிதிக்கவும்.’ அந்த மாதம் அடித்த பாகங்களின் எண்ணிக்கை கூடியது. மேனேஜருக்கு மேலிடத்தில் பாராட்டு கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

3

அந்த மிஷினில் பகல் ஷிப்ட் ஆபரேட்டர் எத்திராஜ். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் நெல் நிலம் உண்டு, அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொது. நான் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து, ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி போவேன். அவனும் அதே ரயில், அதே பெட்டி. பெரிய வாய்க்காரன். என்னைப் பார்த்தால் பெட்டியின் மறுகோடியிலிருந்தே, “இன்னா பாய், நாஷ்டா துன்னியா இல்லியா? மூஞ்சி சுண்டிக்கினு கீது,” என்பான். டிபன் பாக்ஸை நீட்டுவான். இல்லை என்றால் விடமாட்டான்.

புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு ரயிலில் ஒருநாள் மெதுவாகச் சொன்னான்:

“பாய், அந்த மிஷினு முன்ன மேரி இல்ல. முன்ன நம்ம கூட வேல செஞ்சிக்கினு இருந்துச்சி. இப்ப நம்மள தொரத்திக்கினே வருது.”

“பெடலை மிதிக்கிறதுக்கு முன்னாடி தகட்டைச் சரி பண்ணிடு எத்திராஜ். மிதிச்சா கை உள்ள போகவே கூடாது.”

“அது எனக்குத் தெரியும் பாய். கைக்கித் தெர்யணுமே.”

அது நடந்தது ஒரு நவம்பர் மாதத்துப் பிற்பகல். மறு ஷிப்ட் ஆள் மழையால் வரவில்லை, எத்திராஜையே தொடர்ந்து ஓட்டச் சொல்லியிருந்தார்கள். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். பிரஸ் ஷாப்பின் சத்தம் நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் அது நின்றால்தான் கவனிப்போம். அன்று ஒவ்வொரு மிஷினாக நின்றது. பிறகு யாரோ ஓடினார்கள். நானும் ஓடினேன்.

நான் பார்த்ததை முழுவதும் எழுதப் போவதில்லை. எத்திராஜ் கத்தவில்லை. மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான், அவனைச் சுற்றி ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். வலது கை மணிக்கட்டு வரை இல்லை. என்னைப் பார்த்ததும், “பாய், நான் மிதிச்சிட்டேனா?” என்று கேட்டான். கையைப் பற்றிக் கேட்கவில்லை. மிதித்துவிட்டேனா என்றுதான் கேட்டான்.

கம்பெனி வேனில் சென்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவன் தலை என் மடியில் இருந்தது. செங்குன்றம் தாண்டும்போது நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட அவன் மனைவி அம்சா வந்தபோது, மழையில் நனைந்த பள்ளிச் சீருடையோடு மகள் கோமதியும் கூட வந்திருந்தாள். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் என்னைக் கேட்டாள்: “உங்களுக்கு அடிபட்டுச்சா மாமா?”

4

இங்கே நான் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் கிடங்கில் வேலை செய்கிறேன். காலையில் இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸின் ஓட்டுநர் என்னை ‘ராஃப்’ என்று கூப்பிடுவார். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன், இப்போது ராஃப் என்றால் திரும்பிப் பார்க்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காகிதம் கிழிக்கும் சின்ன மிஷினைத் தொடுவதற்கு முன் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். டை கட்டிக்கொண்டு பக்கத்தில் போகக் கூடாது, விரலை உள்ளே விடக் கூடாது. பார்த்தேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கூட இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் படம் முடிந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சி கொடுத்த பெண்மணி, ஏதாவது புரியவில்லையா, ஆங்கிலம் கடினமாக இருக்கிறதா என்று மிகவும் மெதுவாக, வாயை அகலத் திறந்து கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் சுலபமான பதிலாக இருந்தது.

குடியேற்ற விண்ணப்பத்திலும் அப்படித்தான். முந்தைய வேலையை விட்டதற்கான காரணம் என்று ஒரு சின்னக் கட்டம். அதில் என்ன எழுதுவது என்று நூர்ஜஹானும் நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தோம். கடைசியில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதினேன். அடுத்தவன் கை போனது எப்படி என் சொந்தக் காரணம் ஆகும் என்று நேர்காணலில் கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

பாம்பு விளையாட்டுக்காகக் கத்திய அன்று மாலை இர்ஃபானைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தமிழிலேயே சொல்ல முயன்றேன். எத்திராஜ் மாமா என்று ஒருவர், அவர் ஓட்டிய மிஷின், வேகமான கம்ப்யூட்டர் என்று. அவன் கவனமாகத்தான் கேட்டான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், “வாப்பா, மிஷின் அந்த அங்கிள் கை சாப்ட்டுச்சா?” என்றான். பிழை என்று திருத்த வாயெடுத்தேன். அன்று மேனேஜரிடம் நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன். அவன் எழுந்து போய்த் தன் அறையில் ஆங்கிலத்தில் யாருடனோ போனில் பேசத் தொடங்கினான். கதவு சாத்தியிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சாத்திய கதவு ஒன்று இருக்கலாம் என்பதையே நான் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன்.

5

விபத்துக்குப் பிறகு கம்பெனியின் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லச் சொன்னார். விவரமாகச் சொன்னேன். காத்திருக்கச் சொல்லும் கட்டளைக்குப் பாஸ்கலில் ‘டிலே’ என்று பெயர். “டிலேதான் சார் காரணம், டிலே போச்சு,” என்று பலமுறை சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்சா ஒரு தாளைக் காட்டினாள். கம்பெனி அறிக்கையின் தமிழ் நகல். ‘தொழிலாளி தன் கையை எடுப்பதில் ஏற்பட்ட தாமதமே விபத்துக்குக் காரணம்’ என்று தட்டச்சு செய்திருந்தது. அதன் கீழே நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை.

“இன்னா கைரேகை இது?” என்று எத்திராஜைக் கேட்டேன். அவன் நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவன்.

“லெப்ட்டு கைல எய்த வரல பாய். சார்தான் புட்ச்சி வெச்சாரு. லீவுக்குன்னு சொன்னாரு.”

அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன். அவன் இடது கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு சொன்னான்: “நெஜமா இருக்குமோ பாய்? நானே லேட்டா எட்த்துட்டனோ? அன்னிக்கி ரொம்ப அசதி.”

அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. எது இல்லாமல் போனதால் கை போனதோ, அதையே அவன் செய்த குற்றமாக எழுதிவிட்டார்கள். அவனும் அதை நம்பத் தொடங்கியிருந்தான். அறிக்கை மாறாவிட்டால் அவனுக்கு எதுவும் கிடைக்காது என்பது ஒருபக்கம். ஆயுசுக்கும் அவன் தன்னையே குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே என்பது மறுபக்கம்.

பர்சனல் ஆபீசரிடம் போய்க் கேட்டேன். ‘டிலே’ என்றால் தாமதம்தானே, அகராதியைப் பார் என்றார். கிண்டலாகச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

6

அந்த அறிக்கையை எதிர்த்து, எத்திராஜ் பேரில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டோம். விசாரணை திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நடந்தது. அதற்குள் கம்பெனி அந்தப் பிரஸ்ஸின் கம்ப்யூட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கன்ட்ரோல் பெட்டி மாட்டியிருந்தது. பழைய புரோகிராமும் அதற்குப் போட்ட ஒட்டும் என்னிடம் ஒரு பிளாப்பியில் இருந்தன. புரோகிராமை எரர் வந்த அன்றே, பார்த்துச் சரி செய்யலாம் என்று படியெடுத்தேன்; ஒட்டைச் சென்னை ஆள் போட்ட அன்று. ஆனால் அதை ஓட்டிக் காட்டப் பழைய கம்ப்யூட்டர் வேண்டும்.

பொன்னேரியில் சகுந்தலா மேடம் என்று ஒருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். அங்கே மாணவர்கள் பழகுவதற்கு இன்னும் இரண்டு 486 ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். “எடுத்துட்டுப் போப்பா. ஆனா ஆடாம அசங்காம கொண்டு போ, ஒரு குலுக்கு குலுக்குனா எந்திரிக்காது,” என்று ஒரு பழைய போர்வையையும் கொடுத்தார்.

ஆட்டோவில் நான், எத்திராஜ், அம்சா, நடுவில் போர்வை சுற்றிய கம்ப்யூட்டர். சோழவரம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எத்திராஜ் அதை இடது கையால் அணைத்துப் பிடித்தான். வலது கைக் கட்டின் மேல் ஒரு மஞ்சப்பையைப் போட்டு மூடியிருந்தான்.

விசாரணை அதிகாரி நடுத்தர வயதுக்காரர், பொறுமையானவர். கம்பெனி வக்கீல் எழுந்து, இதெல்லாம் வித்தை காட்டும் வேலை என்றார். அதிகாரி, “இருங்க சார், பாத்துடலாம். நானும் ஒரு கம்ப்யூட்டர் வெச்சுக்கிட்டு டைப் அடிக்கத்தானே யூஸ் பண்றேன்,” என்றார். அவருடைய மேசையில் இருந்ததும் புதுக் கம்ப்யூட்டர்தான். அதில் ஒட்டுப் போட்ட புரோகிராமை ஏற்றினேன். பக்கத்தில் சகுந்தலா மேடத்தின் 486-இல் ஒட்டுப் போடாத பழைய புரோகிராம். பிரஸ் இல்லாவிட்டாலும் திரையில் ஒரு கட்டம் வரும். பெடலுக்குப் பதில் கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால் கட்டம் மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். சிவப்பு என்றால் இரும்பு இறங்குகிறது.

எத்திராஜை இரண்டு திரைக்கும் முன்னால் உட்காரவைத்தேன். கீபோர்டு பக்கத்தில் ஒரு அட்டையை வைத்து, மிஷினில் செய்வதுபோலவே அதைத் தள்ளிவிட்டுக் கையை எடு என்றேன். அவன் இடது கையை நீட்டினான்.

முதலில் புதுக் கம்ப்யூட்டர். சாவியைத் தட்டினேன். அவன் விரல் அட்டையைத் தொடுவதற்குள் சிவப்பு வந்துவிட்டது. அதிகாரி, “இன்னொரு வாட்டி,” என்றார். அதேதான். பிறகு அவரே எழுந்து வந்து தன் கையை வைத்துப் பார்த்தார். சிவப்பு வந்ததும் நெருப்பில் பட்டதுபோலக் கையை உதறி இழுத்துக்கொண்டார். எதிரில் இருந்தது வெறும் திரைதான். ஆனாலும் அவர் அதன் பிறகு அந்தக் கையை மேசையில் வைக்கவில்லை.

அடுத்து 486. சாவியைத் தட்டினேன். மஞ்சள் வந்தது. எத்திராஜ் அட்டையை உள்ளே தள்ளினான், ஓரத்தைச் சரி செய்தான், கையை எடுத்தான், மடியில் வைத்துக்கொண்டான். மஞ்சள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அறையில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் சிவப்பு வந்தது.

“பாய், இன்னொரு தபா போடு,” என்றான்.

போட்டேன். தள்ளினான், எடுத்தான். மறுபடியும் போடச் சொன்னான். அதிகாரி போதும் என்று சொல்லவில்லை. ஐந்தாறு முறைக்குப் பிறகு எத்திராஜ் திரும்பிப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான்.

“பாத்தியா அம்சா? எட்த்துட்டேன் பாரு. எவ்ளோ டைம் கீது பாரு. நான் எட்த்துட்டேன்.”

அம்சா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

7

அறிக்கையிலிருந்து அந்த வரியை அடித்துவிடச் சொல்லி அதிகாரி உத்தரவிட்டார். தொழிலாளியின் கவனக்குறைவு அல்ல என்று எழுதினார். அந்தத் தாளை எத்திராஜ் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பதாக அம்சா சொன்னாள்.

அதற்குமேல் எதுவும் நல்லபடியாக நடக்கவில்லை. கம்பெனி நஷ்டஈட்டைத் தராமல் மேல்முறையீடு போனது. வாய்தா, வாய்தா என்று வருடங்கள் போயின. என்னை ஸ்டோர்ஸிலிருந்து கேட்டுக்கு மாற்றினார்கள், லாரி நம்பர் எழுதும் வேலை. ஒரு கட்டத்தில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சிப்காட்டில் வேறு கம்பெனிகளுக்குப் போனால், பேரைக் கேட்டதும் உள்ளே போய் ஒரு போன் பேசிவிட்டு வந்து, இடமில்லை என்பார்கள். நூர்ஜஹானின் அண்ணன் கனடாவில் இருந்தார். விண்ணப்பம் போட்டோம். விமானம் ஏறும்போது எனக்குத் துக்கமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், அன்று நான் எதையுமே உணரவில்லை என்பதுதான் உண்மை.

எத்திராஜ் ஒற்றைக் கையோடு நிலத்தில் இறங்கிப் பார்த்தான். அண்ணன் தம்பிகள் மரியாதையாகவே, நீ வரப்பில் உட்கார்ந்து மேற்பார்வை பார் என்றார்கள். அந்த மரியாதைதான் அவனைக் குடிக்க வைத்தது என்று அம்சா சொல்வாள். கொஞ்ச நாள் கவரைப்பேட்டையில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தான். இந்த வருடம் அதுவும் இல்லை. போனில் பேசினால் பழைய வாய் இல்லை. “இன்னா பாய், நல்லாக்கிறியா,” என்பான். பிறகு போனை அம்சாவிடம் கொடுத்துவிடுவான்.

இந்த ஞாயிறு, ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு அவன் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே திங்கட்கிழமை காலை. எத்திராஜ்தான் எடுத்தான். வழக்கத்துக்கு மாறாக அவசரமாகப் பேசினான்.

“பாய், கோமதி சிப்காட்ல வேலைக்கிச் சேந்துட்ச்சி. பிரஸ் ஷாப்பாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீ சொல்லு. நீ சொன்னா கேக்கும்.”

அவளுடைய செல் நம்பரைக் கொடுத்தான். உடனே போட்டேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். பொன்னேரி ஸ்டேஷன் என்று அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கோமதி, நான் ரஃபீக் மாமா பேசறேன்மா. எந்த மிஷின்ல போட்டுருக்காங்க?”

“புது மிஷின் மாமா. எல்லாம் சேப்டிதான்னு சொல்லிக்கீறாங்க.”

“சொன்னாங்களா, நீ பாத்தியா? கை உள்ள இருந்தா மிஷின் நிக்குதா? ஓட்டிக் காட்டச் சொல்லு. காட்டலைன்னா அந்த வேலை வேணாம். நான் யார்கிட்டயாவது சொல்லி வேற ஆபீஸ் வேலை…”

“யார்கிட்ட மாமா சொல்லுவீங்க?”

அந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் என் பேரைக் கேட்டதும் உள்ளே போய்ப் போன் பேசியவர்கள்.

“உங்க மேல கோவம் இல்ல மாமா,” என்றாள். குரலில் கோபம் இல்லைதான். “நீங்க எங்கப்பாவுக்காக நின்னீங்க. அப்பறம் நிக்க முடியாம போய்ட்டீங்க. உங்களுக்குப் போறதுக்கு ஒரு எடம் இருந்துச்சி. எங்களுக்கு இதான் எடம். கம்பெனி கேட்டாண்ட கூட்டிக்கினு போயி சேத்து வுட்டது யாரு தெரியுமா? எங்கம்மாதான்.”

“கோமதி…”

“வண்டி வந்துட்ச்சி மாமா. அப்பறம் பேசறேன்.”

ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழையும் சத்தம் போனை நிறைத்தது. ஆட்கள் முண்டியடித்து ஏறும் சத்தம், யாரோ யாரையோ உள்ளே தள்ளு தள்ளு என்று சொல்லும் சத்தம். பிறகு இணைப்பு அறுந்துபோனது.